கேத வீட்டில் எடுத்த கை

கட்சி மாவட்ட அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் கேட்டார்கள். எழுதித் தாருங்கள் என்றார்கள். எட்டாவது வரைதான் படித்தேன். மனு எழுதுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அவர்கள் கேட்டது இது. "அண்ணே, தலைவர் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாராம்ல. நீங்கதான் பின்னால நின்னு சொல்லுவீங்களாம்ல. எப்படிண்ணே?"

இப்போது அவர்கள் கையில் டேப் இருக்கிறது. வீட்டு நம்பரைத் தட்டினால் குடும்பம் முழுக்க வருகிறது. யாருக்கு எந்த ஊரில் பெண் கொடுத்தார்கள் என்பதுகூட வருகிறது. எங்கள் ஊரைத் தட்டிக் காட்டச் சொன்னேன். காட்டினார்கள். மேலத் தெரு மட்டும் சிவப்பில் இருந்தது. 'தவிர்க்கவும்' என்று போட்டிருந்தது.

"இது யார் சொல்லிப் போட்டது?" என்று கேட்டேன்.

"பழைய நோட்டுல இருந்துச்சுண்ணே. அப்படியே ஏத்திட்டோம்."

பழைய நோட்டு நான் சொல்லச் சொல்ல எழுதியது.

அதனால்தான் எழுத ஒத்துக்கொண்டேன். வேலையைப் பற்றிச் சொல்கிறேன். மேலத் தெருவைப் பற்றியும் சொல்கிறேன். அங்கே வீராயி அக்கா இருக்கிறார். அவரிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. சொல்லாமலே வருஷங்களை ஓட்டிவிட்டேன்.

நான் பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டர். மோட்டாரைப் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற்றுவது, தெருத் தெருவாக வால்வு திறப்பது. எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்குத் தெற்கே, நிலக்கோட்டை போகிற வழி. கோடையில் ஒரு தெருவுக்கு அரை மணி நேரம்தான் தண்ணீர். வால்வு திறக்கிறவனுக்கு ஊரே தெரிந்திருக்க வேண்டும். கல்யாண வீடு இருந்தால் அந்தத் தெருவுக்குப் பத்து நிமிஷம் கூட விட வேண்டும். கேதம் விழுந்த வீடு இருந்தால் நேரமே பார்க்கக் கூடாது. சாவு வீட்டை எங்கள் பக்கம் கேத வீடு என்போம். குளிப்பாட்டுகிறதுக்குத் தண்ணீர் வேண்டும், வருகிற சனத்துக்கு வேண்டும்.

குமரவேல் அண்ணன் அப்போது வார்டு மெம்பர். மல்லிகைத் தோட்டம் கொஞ்சம், தென்னை கொஞ்சம். அடுத்து பஞ்சாயத்துத் தலைவர் ஆனார். இப்போது கட்சிக்கே தலைவர். எல்லாத்துக்கும் தலைவர் என்றே எழுதினால் குழம்பும். நான் அண்ணன் என்றே எழுதுகிறேன். அவரை நான் கூப்பிட்டதும் அப்படித்தான்.

அவர் பஞ்சாயத்துத் தலைவர் ஆன முதல் கோடையில் மோட்டார் எரிந்துவிட்டது. நாலு நாள் தண்ணீர் இல்லை. மேலத் தெருவில் காலிக் குடத்தோடு பெண்கள் மறித்துவிட்டார்கள். முன்னால் நின்றது வீராயி அக்கா. இடுப்பில் குடம்.

"ஓட்டுக் கேக்க வந்தப்ப பல்லக் காட்டுனீகள்ல. இப்ப என்னத்தப் புடிச்சுக்கிட்டுப் போக? ஒங்க சிரிப்பையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் நான் ஸ்பேனரோடு நின்றேன். தலையைத் திருப்பாமல் கேட்டார். "யாருடா?"

"வீராயி. சந்தனம் வீட்டுல. மகன் செல்வம் மஞ்சக் காமாலையில படுத்திருக்கான்" என்றேன்.

"செல்வத்துக்கு இப்ப எப்படி இருக்கு ஆத்தா?" என்று கேட்டார் அண்ணன்.

இடுப்பில் இருந்த குடம் தரைக்கு இறங்கிவிட்டது. "கண்ணு இன்னும் மஞ்சளாத்தேன் இருக்கு அப்பு" என்றார் அக்கா. குரல் வேறாகிவிட்டது. அண்ணன் அன்று சாயங்காலத்துக்குள் தோட்டத்து மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டினார். தண்ணீர் வந்தது.

மோட்டார் ரூமைப் பூட்டும்போது சொன்னார். "நாளையில இருந்து சாயங்காலம் என்கூட வா." மறுநாள் அவர் மொபெட்டின் பின்னால் ஏறினேன். நான் அவருக்குச் சொன்ன முதல் பேர் வீராயி.

வேலை பழகியது இரண்டு வருஷம். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஊர் ஊராகப் போனோம். பார்த்தேன், மனதில் வைத்தேன்.

இனி வேலை. பிள்ளைகள் கேட்டது இதைத்தான்.

நிற்க வேண்டியது இடது பக்கம், ஒரு எட்டு பின்னால். வருகிற ஆள் கும்பிடுகிறதுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். மூன்று சொல். பேர், ஆள் யார், கடைசியாக அந்த வீட்டில் நடந்தது. "முருகன், தறிக்காரர், மகளுக்குக் கல்யாணம்." அவ்வளவுதான். நாலாவது சொல் சொன்னால் அவர் காது என் பக்கம் சாயும். சாய்ந்தால் வருகிற ஆள் கண்டுபிடித்துவிடுவான். சால்வை போடுவார்கள். அவர் தோளில் அது மூன்று எண்ணுகிற நேரம் இருக்க வேண்டும், பிறகு நான் பின்னால் இருந்து உருவிக்கொள்ள வேண்டும். உடனே உருவினால் போட்டவனுக்கு வருத்தம். விட்டுவிட்டால் அடுத்தவனுக்கு இடம் இல்லை.

தெரியாததைச் சொல்லக் கூடாது. இதை நான் பட்டுக் கற்றேன். சின்னாளபட்டியில் ஒரு கடை திறப்பு. ஒருத்தர் நேராக வந்து, "என்னையத் தெரியுதாண்ணே?" என்றார். எனக்குத் தெரியவில்லை. ஏதோ சாடையை வைத்து ஒரு பேரைச் சொல்லி, மீசையை எடுத்துவிட்டார் என்றேன்.

அண்ணன் சிரித்துக்கொண்டே, "மீசைய எடுத்துட்டா எனக்குத் தெரியாமப் போயிருமா?" என்றார்.

"எனக்கு மீசையே மொளைக்காதுண்ணே" என்றார் அவர்.

கடை முழுக்கச் சிரிப்பு. அண்ணனும் சேர்ந்து சிரித்துச் சமாளித்துவிட்டார். திரும்பி வரும்போது மொபெட்டில் பேச்சே இல்லை. அவர் கோபம் அப்படித்தான். சத்தம் வராது. கைக்குட்டையை எடுத்து நாலாக மடிப்பார், எட்டாக மடிப்பார், பையில் வைப்பார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது சொன்னார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு பரமா. நானும் தெரியலப்பான்னு சொல்லிட்டுப் போறேன். அதுல ஒன்னும் கொறஞ்சுற மாட்டேன்." தெரியுதா என்று கேட்காமல் கும்பிட்டு மட்டும் போகிற தெரியாத ஆளுக்கு என்று இரண்டு பேரும் ஒரு பொதுக் கேள்வியை யோசித்து வைத்துக்கொண்டோம்.

மனுவோடு வருகிறவர்களிடம் அவர் "பார்ப்போம்" என்று சொல்ல மாட்டார். முடியும் என்றால் முடியும். இல்லை என்றால், "ஏலாதுப்பா" என்று முகத்தைப் பார்த்துச் சொல்வார். துடைத்து வைத்த நாற்காலியில் உட்கார மாட்டார். மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறதில் ஒன்றை இழுத்துக்கொள்வார். எந்த வீட்டிலும் குடிக்கக் கொடுத்ததை மிச்சம் வைக்க மாட்டார்.

எனக்கு அவர் முதுகுதான் பழக்கம். கழுத்துக்குக் கீழே ஒரு மச்சம். சட்டை நனைகிறது இடது தோளில் ஆரம்பிக்கும். மேடையில் பேசி முடிக்கிறதுக்குள் முதுகு முழுக்க நனைந்துவிட்டால் அன்று பேச்சு நன்றாக இருந்தது என்று அர்த்தம். பாதியோடு நின்றால், மனதில்லாமல் பேசினார் என்று அர்த்தம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கேத வீட்டுக்குத் தனி முறை. செருப்பைத் தெரு முனையிலேயே விட வேண்டும். மாலையைக் கால் மாட்டில் வைக்க வேண்டும். வீட்டு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்தர் கையையும் தொட்டுக்கொண்டே போக வேண்டும், பேசக் கூடாது. கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். பிறகு எழுந்து போய்விட வேண்டும். சொல்லிக்கொள்ளக் கூடாது. திரும்பியும் பார்க்கக் கூடாது.

மற்ற வீடுகளில் போறேன் என்று சொன்னால் தப்பு. வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். கேத வீட்டில் வாரேன் என்பது தப்பு. இன்னொரு கேதத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது. ஆனால் ஒரே நாளில் ஐந்து கல்யாணம், இரண்டு காதுகுத்து, நடுவில் ஒரு கேதம் என்று போகிறவருக்குக் கையைக் கூப்பினாலே வாய் தானாக வாரேன் என்றுவிடும்.

அதற்காக நானும் அவரும் ஒரு வழி வைத்திருந்தோம். கேத வீட்டில் அவர் எழுந்தவுடன் என் உள்ளங்கையை அவர் முதுகில் வைத்துவிடுவேன். கை இருக்கிறவரை அவர் வாயைத் திறக்க மாட்டார். தெரு முனைக்கு வந்து செருப்பைப் போட்ட பிறகு கையை எடுப்பேன். கை எடுத்தால் பேசலாம் என்று அர்த்தம்.

யூனியன் சேர்மன் ஆகிறவரை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மொபெட் போய் ஜீப் வந்தது. நான் வால்வு வேலையை விட்டுவிட்டேன்.

பிறகு அவரைச் சட்டசபைத் தேர்தலில் நிறுத்தினார்கள். ஓட்டுக்குச் சில வாரம் இருக்கும்போது வீராயி அக்கா வீட்டுக்காரர் சந்தனம் நெஞ்சு வலியில் போய்விட்டார். அன்று காலையில் திண்டுக்கல்லில் மூன்று கல்யாணம் முடித்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினோம். மூன்று வீட்டிலும் வாரேன், வாரேன், வாரேன்.

மேலத் தெரு. செருப்பு விட்டோம். மாலை வைத்தார். செல்வம் அப்போது பூ வேன் ஓட்டிக்கொண்டிருந்தான், வளர்ந்த ஆள். வரிசையில் முதல் கை அவனுடையது. தொட்டார். உட்கார்ந்தார். எழுந்தார். கையை வைத்தேன்.

வாசலுக்கு வந்தோம். கூட்டத்தில் ஒரு ஆள் என்னை வழி மறித்தார். "ஏலே பரமா! என்னையத் தெரியுதாடா?"

என்னோடு எட்டாவது படித்தவர். பட்டாளத்துக்குப் போனவர். அதுவரை அந்தக் கேள்வியை எல்லோரும் அண்ணனிடம்தான் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் யாரும் கேட்டது கிடையாது. எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. "ராசுதான?" என்று சொல்லி அவர் கையைப் பிடித்தேன். பிடித்தது வலது கை. அண்ணன் முதுகில் இருந்த கை.

அக்காவின் அத்தை ஒருத்தர் வாசலில் உட்கார்ந்திருந்தார். "கெளம்பிட்டீகளா தம்பி?" என்று கேட்டார்.

அண்ணன் கையைக் கூப்பினார். "வாரேன் ஆத்தா."

கொட்டு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்தச் சொல் எல்லோர் காதிலும் விழுந்தது. வீராயி அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். அண்ணன் முதுகு விறைத்தது. நான் கையைத் திரும்ப வைத்தேன். வைத்து என்ன.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது செல்வம் வேன் மதுரை ரோட்டில் கவிழ்ந்தது. நிலக்கோட்டையில் பூ மூட்டை ஏற்றிக்கொண்டு போனவன். ஆஸ்பத்திரி போகிறதுக்குள் முடிந்துவிட்டது.

நான் அண்ணனிடம் சொன்னேன். "இப்ப போக வேணாம்ணே."

"நம்ம ஊருடா" என்றார். செருப்பை முனையில் விட்டார். நடந்தார்.

வீராயி அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. "நீ வராத அப்பு. வந்தது போதும். வராத" என்றார்.

அண்ணன் நின்றுவிட்டார். உள்ளே போகவில்லை, திரும்பியும் போகவில்லை. எதிரே கரண்டு கம்பத்தை ஒட்டி நின்றார். வெறுங்கால். பங்குனி வெயில். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தண்ணீர் கொண்டுவந்தார்கள், அதுவும் வேண்டாம் என்றார். கம்பத்தின் நிழல் ஒரு சாண் அகலம். அது நகர்ந்து போய்விட்டது. அவர் நகரவில்லை. பத்து மணிக்கு நின்றவர், மத்தியானம் செல்வத்தைத் தூக்குகிறவரை நின்றார். பிறகு கூட்டத்தின் கடைசியில் நடந்தார். நான் அவருக்கும் பின்னால்.

டீக்கடையில் பேச்சு இப்படி இருந்தது. "வாரேன்னாரு. வரவச்சுட்டாருல்ல." எதிர்க்கட்சிக்காரர்கள் மைக் கட்டிப் பேசினார்கள். "தாய்மார்களே, அவரு வந்தா கதவச் சாத்திருங்க. வாரேன்னு சொல்லிறப் போறாரு!" சனம் கை தட்டிச் சிரித்தது. பேரே வாரேன் குமரவேல் என்று ஆகிவிட்டது. தேர்தலில் தோற்றோம்.

கட்சிக்காரர்கள் கேட்டார்கள். "பழக்கப்பட்ட ஆளு நீங்க, எப்படிண்ணே அந்த வார்த்தை வந்துச்சு?"

"வாய் தவறிருச்சு" என்றார் அண்ணன்.

பரமன் கையை எடுத்தான் என்று சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தோற்ற அன்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. "நாளைக்கு ஏழு மணிக்கு வத்தலக்குண்டு. ஒரு நிச்சயதார்த்தம். வந்துரு" என்றார். போனேன். இடது பக்கம், ஒரு எட்டு பின்னால்.

இதுவரைக்கும் உள்ளது ஊருக்கு ஓரளவு தெரியும். கையை எடுத்தது தெரியாது, மற்றது தெரியும். இனிமேல் சொல்வது யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு வருஷமும் பொங்கலுக்கு அண்ணன் ஊர்த் தெருக்களில் நடப்பார். மேலத் தெரு முனை வந்ததும் நிற்பார். "வீராயி வீட்டுக்குப் போவமா பரமா?" என்று கேட்பார்.

"வேணாம்ணே. அக்கா இன்னும் கோவமாத்தான் இருக்கு" என்பேன்.

அவர் என் பேச்சை நம்பினார். தெரியாததை நான் சொல்ல மாட்டேன் என்று நினைத்தார். நான் அக்காவிடம் கேட்கவே இல்லை. ஒரு வருஷம்கூட. அதே ஊரில் குடியிருந்துகொண்டு, அந்தத் தெருப் பக்கமே போகாமல் இருந்தேன்.

பயம்தான். அண்ணன் அந்த வீட்டுக்குள் போனால், ஏன் அப்பு அப்படிச் சொன்ன என்று அக்கா கேட்பார். அந்த வீட்டில் அண்ணன் பொய் சொல்ல மாட்டார். என் பேர் வரும். ஊரில் நான் நடமாட முடியாது. அதனால் தெருவையே அடைத்தேன். வால்வை மூடுகிற மாதிரி. தேர்தல் நோட்டு எழுதும்போதும், "மேலத் தெரு வேணாம், ஓட்டு விழாது" என்று நானே சொன்னேன்.

அடுத்த தேர்தலில் அண்ணன் ஜெயித்தார். அதற்கு அடுத்ததிலும் ஜெயித்தார். கட்சியில் பெரிய பொறுப்புகள் வந்தன. பழைய தலைவர் உடம்பு முடியாமல் படுத்தபோது பொதுக்குழுவில் இவரைத் தலைவராக்கினார்கள். எங்கள் ஊரில் வெடி போட்டார்கள். மேலத் தெருவிலும் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

சென்னைக்குக் குடி போகும்போது என்னையும் கூப்பிட்டார். "ரூம் இருக்கு. வாடா."

"அங்க யாரண்ணே எனக்குத் தெரியும்?" என்றேன். ஆயக்குடிப் பக்கம் கூட்டத்துக்குப் போனாலே ஒருத்தரையும் தெரியாது, நான் ஊமை. அங்கே உள்ள உள்ளூர்க்காரர், "ஏனுங்க, நீங்க சித்தெ நகர்ந்துக்குங்க" என்று சொல்லிவிட்டு என் இடத்தில் நிற்பார். சென்னையில் நான் யார் பேரைச் சொல்வது?

"அதுவும் சரிதான்" என்றார் அண்ணன். என் வேலை அன்றோடு முடிந்தது.

இப்போது டி.வி.யில் பார்க்கிறேன். முகத்தைக் காட்டுகிறார்கள். அந்த முகத்தை நான் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பார்த்ததே இல்லை. முன் நெற்றியில் முடி கொட்டிவிட்டது. எப்போது கொட்டியது என்று தெரியவில்லை. பேசும்போது அவர் முதுகு நனைந்திருக்கிறதா என்று பார்க்க நினைப்பேன். காமிரா அந்தப் பக்கம் போகாது. பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தர் நிற்கிறார். ரொம்ப வலது பக்கம் தள்ளி நிற்கிறார். அங்கே நின்றால் சொல்வது காதில் விழாது.

சாயங்காலம் ஆனால் சட்டையை மாட்டிக்கொள்வேன். போக ஒரு இடமும் கிடையாது. முதலில் என் வீட்டுக்காரி கேலி செய்வாள். "எங்க, ஜீப்பு வந்துருச்சா?" என்பாள். இப்போது ஒன்றும் சொல்கிறதில்லை. டீக்கடை வரை போய்விட்டு வருவேன். ஒரு டீயை அவரும் நானும் இரண்டாக ஊற்றிக் குடித்த கடை. கடைக்காரர் மாறிவிட்டார். பெஞ்சு அதேதான். அந்த மொபெட்டின் பின் சீட் எனக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அது கிடைக்காது என்று தெரியும்.

போன மாதம்தான் பிள்ளைகள் டேப்பைக் காட்டினார்கள். அண்ணன் கட்சித் தலைவராக முதல் தடவை மாவட்டத்துக்கு வருகிறார். சொந்த ஊருக்கும் வருகிறார். கோயில், பள்ளிக்கூடம், கிழக்குத் தெரு, தெற்குத் தெரு என்று போட்டிருந்தார்கள். மேலத் தெரு இல்லை. இந்தத் தடவையும் அவர் அந்த வீட்டுக்குப் போகவில்லை என்றால், இனி எப்போதும் போகப் போவதில்லை. அது எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் மேலத் தெருவுக்குப் போனேன். அக்கா வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"என்னப்பு, வழி தவறிட்டியா?" என்றார்.

நின்றுகொண்டே சொன்னேன். கை வைக்கிற முறையைச் சொன்னேன். ராசுவைப் பார்த்துக் கையை எடுத்ததைச் சொன்னேன். "அண்ணன் மேல தப்பு இல்லக்கா. நாந்தான்" என்றேன்.

அக்கா குழாயை மூடவில்லை. "அதுக்கா இம்புட்டு வருசம் இந்தத் தெருவச் சுத்திப் போன?"

நான் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தேன்.

"ஒரு சொல்லுக்கு வேன் கவுந்துருமாடா? டயரு மொட்டையா இருந்துச்சு. மாத்துடா மாத்துடான்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். சீசன் முடியட்டும்னான்."

"அப்ப ஏங்கா வராதன்னு சொன்னீக?"

"பெத்த புள்ளையக் கெடத்திப் போட்டிருக்கு. என்னா பேசணும்னு தெரிஞ்சா பேசுனேன்? எங்கொழுந்தன வெளக்குமாத்தாலயே அடிக்கப் போனேன். அவரு மறுநாளே கஞ்சியத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. வராதன்னு சொன்னா வராம இருந்துறதா? ஒங்க அண்ணன் பதினாறுக்கு வருவாருன்னு பாத்தேன். தெவசத்துக்குப் பாத்தேன். சரி, ஓட்டுக் கேக்கவாச்சும் வருவாருல்லன்னு பாத்தேன். அதுக்கும் வரல. எங்க தெருவுல ஓட்டு இல்லையா?"

"அண்ணன் வருசா வருசம் கேட்டாருக்கா. நீங்க கோவமா இருக்கீகன்னு நாந்தான் சொன்னேன்."

"என்னையக் கேட்டியா?"

"இல்லக்கா."

குடம் நிறைந்து வழிந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "கைய எடுத்தது பெருசு இல்லடா. இதுதான் பெருசு. இத எங்கிட்டச் சொல்லி என்ன? அவருகிட்டச் சொல்லு" என்றார்.

அலுவலகத்துக்குப் போய்ச் சிவப்பை எடுக்கச் சொன்னேன். அப்போதே எடுத்துவிட்டார்கள். விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான் வேலை. பிறகு சென்னைக்குப் போன் போட்டேன். அண்ணன் ஆபீஸ் பையன் ஒருத்தன் எடுத்தான்.

"யாரு பேசறீங்க?"

"பரமன்."

"எந்தப் பரமன்? எந்த ஊரு? என்ன விஷயமா?"

அந்தப் பையன் மேல் தப்பில்லை. அவன் பேர், ஊர், விஷயம் என்று மூன்றைத்தான் கேட்டான். சரியாகத்தான் கேட்டான். தினமும் போட்டேன். நாலாவது நாள் மத்தியானம் அண்ணனே கூப்பிட்டார்.

"என்னடா?"

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அந்தப் பக்கம் அண்ணன் கைக்குட்டையை மடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏலே, அந்தம்மாவ நீ கேக்கவே இல்லையா?"

"இல்லண்ணே."

போன் நின்றுவிட்டது.

சுற்றுப்பயணத்துக்கு முந்தின நாள் காலையில் வந்தார். ஒரே கார். கொடி இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. டிரைவர் எனக்குப் போன் போட்டு, அண்ணன் மேலத் தெரு முனைக்கு வரச் சொன்னதாகச் சொன்னார். ஓடினேன். அண்ணன் இறங்கிச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நடந்தார். நான் என்னை அறியாமல் இடது பக்கம், ஒரு எட்டு பின்னால் போய்விட்டேன்.

அவர் நின்றார். தலையை மட்டும் திருப்பினார். "நீ இங்கயே நில்லு" என்றார்.

நின்றேன். அவர் அக்கா வீட்டுக்குள் தனியாகப் போனார். அவர் ஒரு வீட்டுக்குள் நான் இல்லாமல் நுழைகிறதை அன்றுதான் பார்த்தேன். உள்ளே அக்கா அழுகிற சத்தம் கேட்டது. பிறகு திட்டுகிற சத்தம். ரொம்ப நேரம் திட்டினார். பிறகு அண்ணன் குரல், தாழ்வாக. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கப் போவதும் இல்லை. கடைசியில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. சட்டை முதுகு பூராவும் நனைந்திருந்தது. செருப்பைப் போட்டார். டிரைவர் கதவைத் திறந்து பிடித்தார். ஏறப்போனவர் என்னைப் பார்த்தார்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார்.

ஆள் யார் என்று தெரியாத இடத்தில் கேட்கிற கேள்வி அது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து யோசித்து வைத்தது.

"சௌக்கியம்ணே" என்றேன்.

டிரைவர் கதவைச் சாத்தினார். கண்ணாடி கறுப்பு. உள்ளே எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியவில்லை. கார் முக்குத் திரும்புகிறவரை நின்றேன்.

வீராயி அக்கா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "போயிட்டாரா? காப்பி இன்னும் ஒரு டம்ளர் கெடக்கு. ஆறிப் போறதுக்குள்ள உள்ள வா" என்றார்.

போனேன்.